சீசருக்கு யார் சாட்சி?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. ஊர்னா பாப்பிரெட்டிப்பட்டி. பெங்களூர்ல பொட்டி தட்டுறவனுக்கு தர்மபுரி வந்து ஒரு பஸ் மாறினா வீடு. இந்தத் தடவை இங்கிலாந்துல மயக்க மருந்து டாக்டரா இருக்கற அக்காவும் வந்திருந்தா. மூணு வருஷம் கழிச்சு வந்தவ கரும்பைக் கூட கடிக்காம லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"டேய், நீ எஞ்சினீயர் தானே? இந்த எக்ஸெல்லைக் கொஞ்சம் பாரு"ன்னா. நாலு வருஷம் எஞ்சினீயரிங் படிச்சதுக்கு வீட்டுல கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான் :-)

மேட்டர் இதுதான். அங்க அரசு ஆஸ்பத்திரியில நிரந்தர கன்சல்டன்ட் ஆகணும்னா, ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலோட ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டுல பேர் இருக்கணும். 1997-லேர்ந்து இதுதான் விதி. நம்ம ஊர் எம்.டி. பட்டத்தை மட்டும் காட்டினா சேர்த்துக்க மாட்டாங்க. வெளியில படிச்சிட்டு வந்தவங்களுக்குன்னு தனி வழி ஒண்ணு இருக்கு. அதோட பழைய பேரை டாக்டருங்க 'சீசர்'னு சொல்லுவாங்களாம். (அப்பா: "ஜூலியஸ் சீசரா?") 2023 நவம்பர் கடைசியில பேரை 'போர்ட்ஃபோலியோ பாத்வே'ன்னு மாத்திட்டாங்க. முன்னாடி அவங்க பயிற்சிக்கு நம்ம பயிற்சி சமம்னு நிரூபிக்கணும். இப்ப அந்த வேலைக்கு வேண்டிய அறிவும் திறமையும் அனுபவமும் இருக்குன்னு காட்டினா போதும்.

'போதும்'னு நான் சுளுவா எழுதிட்டேன். அக்காவோட ஃபோல்டர் ஆயிரம் பக்கத்தை நெருங்கிக்கிட்டு இருந்தது. செஞ்ச கேஸ்களோட லாக்புக், ஆடிட், வருஷா வருஷம் நடந்த அப்ரைசல், கூட வேலை பாக்குறவங்க கருத்து... எதுலயும் நோயாளி பேர் தெரியக்கூடாது. அந்தப் பேரையெல்லாம் அழிக்கற வேலை எனக்கு. ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு இது வேற.

இதையெல்லாம் கூட உட்கார்ந்து செஞ்சிடலாம். அவ தடுமாறினது கடைசிப் பக்கத்துல. ரெஃப்ரீ யாருங்கற இடம்.

அப்பா உடனே, "ஏங்கண்ணு, எம்.எல்.ஏ. கிட்ட ஒரு லெட்டர் வாங்கட்டுமா?"ன்னார். சிரிக்காதீங்க. கெஜடட் ஆபீசர் பச்சை மை கையெழுத்துக்காக அரூருக்கும் தர்மபுரிக்கும் அலைஞ்ச தலைமுறை அது. சாட்சின்னா பெரிய மனுஷன்தான் அவருக்கு.

ஆனா அக்காவோட லிஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. முதல் பேரு, எம்.டி. படிச்சப்போ இருந்த புரொஃபசர். பெரிய பேரு. இவளைக் கடைசியாப் பார்த்து எட்டு வருஷம் ஆச்சு.

ரெஃப்ரீ எழுதறது வெறும் நற்சான்றிதழ் இல்லீங்க. எவ்வளவு நாளா தெரியும், எந்த முறையில தெரியும்னு ஆரம்பிச்சு, இந்த டாக்டரோட வேலை எப்படின்னு தலைப்புத் தலைப்பா பதில் எழுதணும். அதை அந்த ஆயிரம் பக்கத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ராயல் காலேஜ் ஆட்கள் படிச்சு சிபாரிசு சொல்லுவாங்க, முடிவு கவுன்சிலோடது. 'நல்ல பொண்ணு, எனக்குத் தெரியும்'னு புரொஃபசர் எழுதினா அங்க என்ன பிரயோஜனம்?

இதை அப்பாகிட்ட விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சவர், "அதுவும் சரிதான். கரும்பு எப்படி இருக்குன்னு ஃபீல்டுமேனைத்தான் கேக்கணும். ஆலை சேர்மனைக் கேட்டா அவருக்கு என்னா தெரியும்?"னார். கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டவர் ஆச்சே!

அப்பதான் ஒண்ணு பண்ணேன். லாக்புக் எக்ஸெல்ல மேற்பார்வை டாக்டர் பேர் இருக்கற காலத்தை வெச்சு ஒரு பிவட் டேபிள் போட்டேன். யார் கூட அதிகமா கேஸ் செஞ்சிருக்கான்னு பார்க்க. ஒருத்தர் பேரு எல்லாரையும் விட ரொம்ப மேல நின்னுது. லிஸ்ட்டுல அவர் இல்ல.

"இவர் ஏங்க்கா இல்ல?"

அக்கா பதில் சொல்லல. எழுந்து போய் காபி போட்டுட்டு வந்து சொன்னா. அங்க போன புதுசுல ஒரு ராத்திரி அவசர கேஸ். நோயாளிக்கு மூச்சுக் குழாய் போடறது கஷ்டமா இருந்திருக்கு. நாமளே சமாளிச்சிடலாம்னு நினைச்சு, அவரைக் கூப்பிட லேட் பண்ணிட்டா. அவர் வந்துதான் போட்டார். நோயாளிக்கு ஒண்ணும் ஆகல. மறுநாள் காலையில தனியாக் கூப்பிட்டுப் பேசினார். எழுத்துலயும் வெச்சார். இவ வீட்டுக்குப் போய் அழுதிருக்கா.

"அதுக்கப்புறம்?"

"அப்புறமும் அவர் கூடதான்டா நாலு வருஷமா வேலை பாக்குறேன்."

"அப்ப நீ மாறினதையும் அவர்தானே பார்த்திருப்பார்?"

முறைச்சா. ஆனா அன்னிக்கு ராத்திரியே மெயில் அனுப்பிட்டா. மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தப்போ பதில் வந்தது. சாரம் இதுதான்: சந்தோஷமா எழுதறேன், ஆனா அந்த ராத்திரியையும் சேர்த்துத்தான் எழுதுவேன், உனக்குச் சம்மதமா?

சரின்னு ஒரு வார்த்தை எழுத அக்காவுக்கு ரெண்டு நாள் ஆச்சு. காணும் பொங்கல் முடிஞ்சு, எல்லாரும் வாணியாறு டேம் போயிட்டு வந்த ராத்திரி அனுப்பினா. புரொஃபசர் பேரை லிஸ்ட்லேர்ந்து அவளே எடுத்துட்டா.

விண்ணப்பம் போயிருக்கு. முடிவு இன்னும் வரல.

பெங்களூர் பஸ்ல வரும்போது என் கதை ஞாபகம் வந்தது. போன வேலை மாறினப்போ ரெஃபரன்ஸுக்கு நான் குடுத்தது, கூட டீ குடிக்கற மேனேஜர் பேரை. என் கோடுல பக் மேல பக்கா எடுத்துப் போட்டு, ரெண்டு வருஷம் தூங்க விடாம பண்ண டெஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க. நான் எப்படி வேலை செய்வேன்னு முழுசாத் தெரிஞ்சவங்க அவங்க மட்டும்தான். அவங்க பேரைக் குடுக்க எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.

நீங்களா இருந்தா யார் பேரைக் குடுப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: அக்கா அனுமதியோடதான் இதை எழுதறேன். "அழுதேங்கறதை மட்டும் எடுத்துடுடா"ன்னா. எடுக்கல.