கேமரன் மலையில் இறங்கத் தெரிந்த வண்டி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வளைவுகளை எண்ணிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. நான் எண்ணுவதில்லை, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போவேன். வானொலியில் வேலை பார்ப்பவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையே ஒரு கச்சேரி. குடும்பத்தோடு ஏறும் மைவி மூச்சு வாங்கும். காய்கறி ஏற்றி இறங்கும் லோரி ஒவ்வொரு வளைவிலும் "புஸ்" என்று காற்றை விடும். லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியைத் தாண்டினால், பூர்வகுடியினர் பெத்தாயும் தேனும் விற்கும் பந்தல்களுக்குப் பின்னாலிருந்து பழைய லேண்ட் ரோவர் ஒன்று கரகரத்த குரலில் வரும். கேமரன் மலைக்கு அடையாளமே அந்தக் குரல்தான்.

அண்மையில் என் மச்சானோடு போனேன். அவருக்கு ஒரு திட்டம். பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு மலையேற வேண்டும். தங்கும் விடுதிகள் விடுமுறைக் காலத்தில் கேட்கும் விலையைப் பார்த்தவர்களுக்கு அவர் ஆசை புரியும். கேரவனை இழுக்க ஒரு டீசல் பிக்-அப் வேண்டும். நான்கு கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள் காருக்குள் கிடந்தன. தாப்பாவில் பசியாறும்போது தொடங்கிய பேச்சு ரிங்லெட் வரை நீண்டது. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: "எதுல பவர் அதிகம்?"

அந்தக் கணக்கு சுலபம். இழுக்கும் வேலைக்குக் குதிரைத் திறனைவிட முறுக்கு விசைதான் முக்கியம். சக்கரத்தைத் திருப்ப என்ஜின் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்பதே அது. நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். இசுசு டி-மேக்ஸ் 1.9 லிட்டர் 350 தருகிறது, அதன் 3 லிட்டர் 450. டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ஆட்டோ 500. ஃபோர்ட் ரேஞ்சரின் இரட்டை டர்போ என்ஜினும் 500, அதற்குப் பத்து கியர் வேறு. டீசலில் இந்த விசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடும். என்ஜினை அலறவிடாமல் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரலாம். உயரம் போகப் போகக் காற்று மெலிந்தாலும் டர்போ அதைச் சரிக்கட்டிவிடும். ஒன்றரை டன் கேரவன் என்றால், இவற்றில் எதுவும் தானா ராத்தாவுக்கு ஏறிவிடும். 1.9 லிட்டர் வண்டி மெதுவாக ஏறும், பின்னால் இருபது கார் வரிசை கட்டி நம்மைத் திட்டிக்கொண்டு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சானின் கேள்வியைத் திருத்தியவர் ஒரு தோட்டக்காரர். ஹபுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். தாத்தா கொழுந்து பறிக்க வந்தவராம். எங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏத்துறதுக்கு எந்த வண்டியும் ஏத்தும் தம்பி. முடியலேன்னா நின்னுடும், அவ்ளோதான். எறங்கும்போது முடியலேன்னா? கடையில அதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கடைக்காரர்களும் சொல்வதில்லை.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். கீழே தாப்பா கிட்டத்தட்டக் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 60 கிலோமீட்டர் சாலை. பிக்-அப் 2 டன், கேரவன் ஒன்றரை டன், ஆட்களும் சாமான்களும் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை அத்தனை உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், சுமார் 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். தேயிலை ஊரின் அளவையில் சொன்னால், எழுநூறு கோப்பைத் தேநீருக்கான வெந்நீர். டயர் உராய்வும் காற்றும் இதில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை யார் வாங்குவது? என்ஜின் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும். பிரேக் கட்டைகள் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் பழையதாக, ஈரம் கலந்திருந்தால் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது காலை அழுத்தினால் பஞ்சை மிதித்த மாதிரி இருக்கும்.

டீசலைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இழுப்பதில் அது சூரன், ஆனால் தடுப்பதில் இயல்பாகவே சோம்பேறி. பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்ததும் காற்று போகும் வழி அடைபடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்கும் நிலை அது, அந்தத் திணறல்தான் வண்டியைத் தடுக்கிறது. டீசலில் காற்றின் அளவை அப்படி அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சிலிண்டருக்குள் அழுத்திய காற்று, சுருள்கம்பியைப் போலத் திரும்பவும் தள்ளிவிடும். ஆகவே டீசல் பிக்-அப்பில் என்ஜின் தடுப்பு வேண்டுமானால், கியரைக் குறைத்து என்ஜினை வேகமாகச் சுழலவிட வேண்டும். இரண்டாம் கியரில் அது ஊளையிடும். புதிதாக ஓட்டுபவர்கள் என்னவோ உடைகிறது என்று பயந்து மேல் கியருக்குப் போய்விடுவார்கள். சுழற்சிமானியின் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தம் நல்ல சத்தம். மலையிறக்கத்தில் என் காதுக்குப் பயம் தருவது அமைதிதான்.

இங்கேதான் கியர்பெட்டி விவகாரம் வருகிறது. மலைக்கு மேனுவல்தான் சரி என்பது நம் அப்பாக்களின் காலத்து வேதம். அப்போது அது உண்மை. பழைய நான்கு கியர் ஆட்டோக்கள் இறக்கத்தில் தம் இஷ்டத்துக்கு மேல் கியருக்குத் தாவும், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடியை நழுவவிடும். இன்றைய ஆறு, பத்து கியர் ஆட்டோக்கள் அப்படியில்லை. கம்பை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுத்தால் பிடித்துக்கொண்டே இறங்கும். இன்னொரு பக்கம், பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஏற்றத்தில் நூறு மீட்டருக்குப் பத்து முறை நின்று நின்று போக வேண்டும். ஒன்றரை டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் செய்தால் மேனுவலின் கிளட்ச் கருகும். அந்த வாடை அடித்தால் பணம் எரிகிறது என்று அர்த்தம்.

என் முடிவு ஆட்டோ. ஆனால் கியரை நாமே பிடித்துவைக்கும் வசதி இருக்க வேண்டும், ஓட்டுபவர் அதை உண்மையில் பயன்படுத்த வேண்டும். ‘டி’யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குகிறவருக்கு எந்தப் பெட்டியும் உதவாது. தோட்டக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு கிளட்ச் இருக்கணும் தம்பி" என்றார். நாற்பது வருடக் காலும் ஆறு மாதக் காலும் ஒன்றல்ல என்பதால் நானும் விவாதிக்கவில்லை.

விளம்பரத் தாளில் "3,500 கிலோ இழுக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது தனக்கென்று பிரேக் உள்ள கேரவனுக்கான கணக்கு. பிரேக் இல்லாத இழுவை வண்டிக்கு அதே பிக்-அப்பில் வரம்பு பொதுவாக 750 கிலோதான். கேரவனின் மூக்கு, எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு பிக்-அப்பின் கொக்கியில் உட்கார வேண்டும். ஒன்றரை டன்னுக்கு அது 150 கிலோ. பின்பக்கம் தாழ்ந்தால் முன் சக்கரங்கள் லேசாகி, வளைவில் ஸ்டியரிங் சொல்பேச்சு கேட்காது. பின்னால் ஐஸ் பெட்டியும் தண்ணீர்த் தோம்பும் ஏற்றுவதற்கு முன் இந்த 150-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேரவனின் பிரேக்கிலும் இரண்டு வகை. ஒன்று, கேரவன் முன்வண்டியை முட்டும்போது தானாகப் பிடிப்பது. நீண்ட இறக்கத்தில் அது முட்டிக்கொண்டேதான் இருக்கும், அதனால் பிரேக்கும் உரசிக்கொண்டே சூடாகும். மற்றது மின்சாரத்தில் இயங்குவது, ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே அதன் பலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கேமரன் மலைக்கு இரண்டாவதுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை. பிக்-அப்பின் தோல் இருக்கைக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுக்கலாம்.

காசு என்றதும் டீசல் விலை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. கேரவனோடு 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்று வைத்தால், கோலாலம்பூரிலிருந்து போய்வரும் 400 கிலோமீட்டருக்கு 60 லிட்டர். அன்றைய கணக்கில் 129 ரிங்கிட் செலவு 201 ஆனது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை மட்டும் மலையேறப் போகும் குடும்பம், ஒன்பது ஆண்டுக் கடனில் பெரிய பிக்-அப் வாங்குவதற்கு முன் விடுதி வாடகையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். மச்சான் எழுதிப் பார்த்தார். இன்னும் வாங்கவில்லை, ஆனால் தாள்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கின்றன.

கேரவனோடு போனாலும் தேயிலைக்குள் அதைக் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தின் சுங்கை பாலாஸ் பிரிவுக்குப் போகும் வழியில், எதிரே ஒரு கார் வந்தாலே யாராவது ஒருவர் ஓரம் ஒதுங்க வேண்டும். பின்னோக்கி எடுக்கத் தெரியாத கேரவன் அங்கே மாட்டினால் அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறைதான். ஊருக்குள் நிறுத்திவிட்டு பிக்-அப்பில் மட்டும் போங்கள். சரிவு முழுக்கச் சீவிவிட்ட தலைபோலத் தேயிலை. நம் முன்னோர்கள் கூடை சுமந்து ஏறிய அதே வரிசைகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேச, நேப்பாள இளைஞர்கள் வெட்டுக் கருவியோடு நிற்கிறார்கள். மூட்டை ஏற்றிய தோட்ட வண்டி ஒன்று எங்களைக் கடந்து இறங்கியது. என்ஜின் ஊளையிட்டது. பிரேக் விளக்கு வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு முறை எரிந்து அணைந்தது.

இறங்குவதற்கு சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, வளைவுகள் பெரியவை. கேரவனுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அகலமான சாலை வேகத்தைத் தெரியாமல் கூட்டிவிடும். 2010 டிசம்பர் 20-ஆம் தேதி தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளின் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தச் சாலையின் இறக்கத்தில்தான். கம்போங் ராஜாவைத் தாண்டி இறக்கம் தொடங்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைப்பது தாமதம். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும்.

கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னார் தோட்டக்காரர். சக்கரத்தைத் தொடக் கூடாது, சுடும். உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேரவனின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் போக வேண்டும். எல்லாச் சக்கரமும் ஒரே அளவு அனல் வீசினால் சரி. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலை செய்யவில்லை. அங்கிருந்து நேராக ஈப்போவில் ஒரு பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.