கூப்பிடாத கூட்டம்

உத்திரமேரூர்க்காரி என்று சொன்னால் உடனே குடவோலைப் பெருமை பேசுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய விதிகளை நானும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பன சபை அது. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சேத்துல நின்னவங்க பேரு குடத்துக்குள்ள போக வழியே இல்லை.

எம்.ஏ. தமிழ் முடித்து, இந்தப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். தலைமை ஆசிரியர் என்னைத் திட்டியதே இல்லை. ஆசிரியர் கூட்டம் என்றால் சுற்றறிக்கை நோட்டு எல்லா மேசைக்கும் போகும். என் மேசைக்கு வராது. கேட்டால், "விட்டுப்போச்சும்மா" என்பார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையும் எனக்கு மட்டும் விட்டுப்போனது. சாதி சொல்லித் திட்டினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 'விட்டுப்போச்சு'க்கு என்னவென்று புகார் எழுதுவது?

முதலில் இரண்டு மடங்கு உழைத்தேன். அப்படியாவது கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. பிறகு வாய் மூடிக்கொண்டது. மணி அடித்தால் பையைத் தூக்கினேன். அம்மாவிடம் சொன்னேன். நாற்று நட்டே காலம் போனவள். "மூஞ்சி குடுத்துப் பேசாத ஆண்ட கழனியில எங்க கையும் அப்படித்தான்டீ. நாத்து வேர் புடிச்சுதான்னு எவ திரும்பிப் பாத்தா? கூலிக்குக் குனிஞ்சோம், நிமுந்தோம்" என்றாள்.

1917இல் பரோடா அலுவலகத்தில் சிப்பந்திகள் அண்ணல் அம்பேத்கரின் மேசைமேல் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. பதினோராம் நாள் பார்சி விடுதியிலிருந்தும் விரட்டினார்கள். இதைப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒதுக்கப்பட்ட என் கை என்ன செய்தது என்று எந்த மேடையிலும் பேசவில்லை. இங்கே சொல்கிறேன்.

காலாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை காலையில். அறிவிப்புப் பலகையில் பிற்பகல் என்று தப்பாக எழுதியிருந்தார்கள். முந்தின நாளே பார்த்தேன். கூட்டத்துக்குக் கூப்பிடாதவளுக்கு என்ன வந்துச்சு என்று போய்விட்டேன். ஊர்ப் பிள்ளைகள் டியூஷன் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பலகையை நம்பி மத்தியானம் பஸ் ஏறி வந்தவர்கள் ஆறு பேர். ஆறும் காலனிப் பிள்ளைகள். காலி ஹாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தை நான் யார்மேல் காட்டியிருக்கிறேன்!

மறுநாள் அவர் அறைக்குக் கூப்பிடாமலே போனேன். "போர்டுல தப்பு இருந்துச்சு சார். பாத்தும் சொல்லாம விட்டேன், அது என் தப்பு. அந்த ஆறு பேருக்கும் மறுபடி பரீட்சை வைக்கணும்" என்றேன். வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் நோட்டு வரவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. ஜூனில் வேலை இல்லை என்றார்கள். அதுவரைக்கும் ஒரு கூட்டத்தையும் நான் விடவில்லை.