கடல் வழியே மலைக்கு

உத்திரமேரூரில் கடலும் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படியான மலையும் கிடையாது. ஏரி உண்டு, ஏரிக்கரைதான் எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இமயமலை. கடலிலே துடுப்புப் போட்டுக்கொண்டு போய், பாதையில்லாத கரையில் இறங்கி, அங்கிருந்து மலையுச்சிக்கு நடப்பதை ஒரு விளையாட்டாகவே ஸ்காத்லாந்து தேசத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் இங்கே யார் நம்புவார்கள்?

ஆயினும் விஷயம் உண்மை. ஆங்கிலேயரான டில்மன் என்பவர் 1936-ல் நந்தாதேவிச் சிகரத்தில் ஏறியவர். பிற்காலத்தில் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு, கடலோர மலைகளைத் தேடிப் படகோனியாவுக்கும் கிரீன்லாந்துக்கும் போனார். எண்பது வயதை நெருங்கிய பிறகும் ஆசை விடவில்லை. 1977-ல் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில், சென்ற கப்பலோடு மறைந்துபோனார்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1344-ல் இபின் பதூதா மாலத்தீவிலிருந்து நம் கரைக்குப் புறப்பட்டார். கப்பல் வழி தவறி இலங்கைக்குப் போயிற்று. கடலில் இருக்கும்போதே சிவனொளிபாதமலை புகைத்தூண் போல வானில் தெரிந்ததாம். 2,243 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். முஸ்லிம்கள் ஆதாமுடையது என்பர். புத்தளத்தில் இறங்கிய யாத்திரிகருக்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணையும் தந்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பரிவாரத்தார் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறித் தரிசித்துவிட்டு, மறுபடி கப்பலேறி மதுரை ஸுல்தானிடம் போய்ச் சேர்ந்தார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "சுமந்தவர்கள் பெயர் என்ன, ஸார்?" என்று கேட்டாள்.

அந்தப் பெயர்கள் எழுதப்படவில்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஐந்நூறு வருஷம் தாண்டி இழுத்துக்கொண்டு போயிற்று. 1830-களிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டு ஏழைகள் தோணியில் கடல் கடந்தார்கள். மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, தண்ணீரற்ற காட்டு வழியே நூறு மைலுக்குமேல் மலைநாட்டுக்கு நடந்தார்கள். வாந்திபேதியால் வழியிலேயே விழுந்தவர்கள் அநேகர். 1869 முதல் இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை வந்தது. சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் காணும் பசுமையெல்லாம் அந்தப் பரம்பரையின் கைவேலை. அதற்குக் கைம்மாறாக, 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று.

டில்மன் ஆசையினால் போனார். இபின் பதூதா பக்தியினால் போனார். இவர்கள் பசியினால் போனார்கள். கடலும் மலையும் மூவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் இருவருக்குத்தான் திரும்பிவந்து கதை சொல்ல அவகாசம் கிடைத்தது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து நான் மாதந்தோறும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வருகிறேன். "முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவருக்கு மலை எதற்கு?" என்கிறாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். உச்சிவரை போவேனோ, பாதியில் உட்கார்ந்துவிடுவேனோ, சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்து லயங்களில் இருக்கும் முதியவர்களிடம், "உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்? அவர் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்ள முழங்கால் குறுக்கே நிற்காது. அதற்கென்று நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.