நீங்கள் எங்கட பக்கமோ?

ஊருக்குப் போனால் சொந்தக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "கொலைக் கேஸ் எல்லாம் செய்யிறீங்களோ?" என்பதுதான். இல்லை. நாங்கள் சட்டமா அதிபர் திணைக்களத்தில் குடியியல் வழக்குகளைப் பார்க்கிற இளம் அரச சட்டவாதிகள். எங்கட மேசையில் இருப்பதெல்லாம் காணி, நட்டஈடு, ஒப்பந்தம் பற்றிய கோப்புகள்தான்.

அரசுக்கு எதிராகக் குடியியல் வழக்குப் போடுகிறவர் எதிராளியாகச் சட்டமா அதிபரின் பெயரைத்தான் போடவேண்டும். அந்தப் பெயருக்காக நீதிமன்றத்தில் எழும்பி நிற்கிறது நாங்கள். அரச ஊழியர் வேலையில் இருக்கும்போது செய்த தவறுக்கு அரசிடம் நட்டஈடு கேட்கலாம் என்பதே 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த உரிமைதான்.

ஒருமுறை வடக்கில் ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்கு இரவு பஸ்ஸில் போனோம். திணைக்களம் ஒன்றின் ஜீப் சைக்கிளில் போன ஒருவரை அடித்திருந்தது. ஆள் செத்துப் போனார். வழக்காளி அவருடைய மனைவி. மறுமொழி போட நாங்கள் தவணை கேட்டுவிட்டு வெளியே வந்து தமிழில் கதைத்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா கிட்ட வந்து கேட்டா: "பிள்ளையள், நீங்கள் எங்கட பக்கமோ?"

"இல்லையம்மா, அரசாங்கத்தின்ர பக்கம்."

அவ கோபிக்கவில்லை. "அப்பிடியே" என்று சொல்லிவிட்டு வாங்கில் போய் இருந்தா. அதற்கு மேல் நாங்களும் கதைக்கவில்லை. மற்றப் பக்கத்து ஆளோடு வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாது.

கொழும்புக்கு வந்து கோப்பை ஆறுதலாக வாசித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின்படி, வழக்குப் போட முதல் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்கவேண்டும். இவ வழக்குப் போட்டது 26ஆம் நாள்.

அந்த ஆட்சேபணையை எடுத்து நாங்கள் வென்றால் அவ புதிதாக வழக்குப் போடவேண்டும். ஆனால் நட்டஈட்டு வழக்கை இரண்டு வருசத்துக்குள் போடவேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு வருசமும் முடிந்துவிட்டது. அதாவது ஜீப் எப்படி ஓடியது என்று ஒரு சாட்சிகூடச் சொல்லாமலே வழக்கு செத்துவிடும்.

எங்களுக்குச் சந்தோசம் வந்தது. மறைத்துப் பயனில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அப்படியொரு ஓட்டை கிடைத்தால் வருகிற சந்தோசம் அது. மறுமொழியின் முதல் பந்தியிலேயே அதை எழுதினோம். அரசின் காசு மக்களின் காசு, அதைக் காப்பாற்றுகிறது எங்கட கடமை என்று ஒருவருக்கொருவர் சொல்லியும் கொண்டோம். அது பொய்யும் இல்லை.

எங்கட சிரேஷ்ட சட்டவாதி வரைவை வாசித்தார். பிறகு கோப்பைப் புரட்டி ஒரு கடிதத்தை எடுத்து எங்கட முன்னால் வைத்தார். "உள்ளக விசாரணை முடியும்வரை பொறுத்திருக்கவும்" என்று திணைக்களம் அந்த அம்மாவுக்கு எழுதியது. அவ பொறுத்திருந்தா. பொறுத்ததில்தான் நாள் போனது. கடைசியில் அந்தரப்பட்டு 26ஆம் நாளே வழக்கைப் போட்டிருக்கிறா.

"இந்தக் கடிதம் எங்கட பையுக்குள்ள இருக்க, அந்தப் பந்தியை நீதிபதிக்கு முன்னால எப்பிடி வாசிப்பீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பந்தியை வெட்டினோம். சாரதியின் ஓட்டப் பதிவேட்டையும் விபத்து அறிக்கையையும் வைத்து, இதை இணக்கமாக முடிப்பதே நல்லது என்று திணைக்களத்துக்கு ஆலோசனை எழுதினோம். பதில் வரவும் அனுமதி கிடைக்கவும் எத்தனையோ தவணை போனது. ஒவ்வொரு தவணைக்கும் அவ பஸ் ஏறி வந்தா. கடைசியில் கேட்ட தொகையில் பாதிக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. அந்த 26 நாளைப் பற்றி நாங்கள் அவவுக்குச் சொல்லவில்லை.

எல்லாக் கோப்பும் இப்படி முடிந்ததில்லை. கடிதம் எதுவும் இல்லாத கோப்புகளில் அதே ஆட்சேபணையை எடுத்து வென்றும் இருக்கிறோம். ஆனால் இப்போது மறுமொழி எழுத முதல், எங்கட கட்சிக்காரர் மற்றப் பக்கத்துக்கு என்னென்ன எழுதியிருக்கிறார் என்று கோப்பை அடியிலிருந்து வாசிக்கிறோம். அரசு எங்கட கட்சிக்காரர் என்றால், வாங்கில் இருந்த அந்த அம்மாவும் அதற்குள் ஒரு ஆள். அன்றைக்கு அவ கேட்ட கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் சட்டப்படி சரிதான். முழுதாகச் சரியோ என்று இன்னும் தெரியவில்லை.