கியோத்தோவில் ஒரு பகலுணவு

சென்ற ஷவ்வால் மாதம், மதரஸா விடுமுறையில், ஜப்பானின் கோபே நகரில் வாழும் தம்பியின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு ஞாயிறன்று, 1935-இல் எழுந்த கோபே பள்ளிவாசலில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு, தம்பி குடும்பத்தாரோடு கியோத்தோவுக்கு ரயிலேறினோம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்.

அங்கே நன்சென்ஜி என்னும் புத்த ஆலயத்தைச் சூழ்ந்த பகுதி தோஃபு உணவுக்குப் பெயர்பெற்றது. சோயாப் பாலை உறையவைத்த தோஃபுவை, கடற்பாசி இட்ட வெந்நீரில் மண்சட்டியோடு சூடாகப் பரிமாறுவர், யுதோஃபு என்பர். துறவிகளின் ஊனற்ற சமையல் மரபைச் சார்ந்தது. "இறைச்சியே இல்லை, நமக்கென்ன தடை?" என்று காலையில் உறுதி கூறியவர்கள் நாங்களே.

பழைய மரவீடு. காலணிகளைக் கழற்றிவிட்டுத் ததாமிப் பாயில் அமர்ந்தோம். கோரை போன்றதொரு புல்லால் நெய்யப்பட்ட பாய். அதன் மணம் பத்தமடையை நினைவூட்டியது. கிமோனோ அணிந்த பெண்மணி எங்கள் எதிரே மண்டியிட்டு அமர்ந்ததோ அத்தஹிய்யாத் இருப்பேதான்! நாங்களும் அவ்வாறே வலியின்றி அமர்ந்திருந்தது அவருக்கு வியப்பளித்தது.

சட்டி வந்தது. மிசோ பூசிச் சுட்ட தோஃபு, காய்கறி டெம்புரா, தொட்டுக்கொள்ளக் கருநிறச் சாறு. பிஸ்மில்லாஹ் கூறிக் கைநீட்டிய வேளையில், பதினொரு வயதுத் தம்பி மகள் மெல்லச் சொன்னாள்: "பெரியவாப்பா, இந்தச் சாற்றில் மிரின் இருக்குமே? பள்ளியில் சமையல் வகுப்பில் ஊற்றினார்கள்."

மிரின் என்பது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மது. ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால். "கேட்டால் அவர்கள் மனம் நோகும்" என்று தம்பி தயங்கினார். நல்ல பசி. கொதித்திருக்கும், ஆவியாகியிருக்கும் என்று எங்கள் மனமும் சமாதானம் தேடியதை மறைப்பதற்கில்லை. ஐயத்துக்குரியதை விட்டு விலகுவது பற்றி எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம்! சிறுமியின் முகத்தைப் பார்க்க நாணினோம்.

தம்பியைக் கேட்கச் சொன்னோம். அப்பெண்மணி அடுக்களைக்குச் சென்று விசாரித்துத் திரும்பினார். சாற்றில் மிரினும் மிசோவில் அரிசி மதுவும் உண்டென்று மறைக்காமல் கூறி, பிழை தம்முடையது என்பதுபோல் தலைதாழ்த்தினார். "ஒன்றுமில்லை, உண்ணுங்கள்" என்று அவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவ்விரண்டையும் எடுத்துச் சென்று, உப்பும் இஞ்சித் துருவலும் கொண்டுவந்தார்.

வெறும் உப்போடு உண்ட அந்தத் தோஃபு! நாவில் வைத்ததும் கரைந்தது. சோயாவின் மெல்லிய இனிப்பு மட்டும் எஞ்சியது. அல்ஹம்துலில்லாஹ். சாறு இருந்திருந்தால் அச்சுவையை அறிந்திருக்க மாட்டோம்.

லுஹர் தொழ ஒரு மூலை கேட்டோம். நகர்கதவைத் திறந்து அடுத்த அறையையே தந்தார். கிப்லா மேற்கே, சற்று வடக்காக என்று தம்பி காட்டியதும், குறுக்கே கிடந்த தாழ்மேசையைத் தாமே நகர்த்திவைத்தார்.

திரும்பும் ரயிலில் சிறுமி கேட்டாள்: "அறியாமல் சாப்பிட்டிருந்தால் குற்றமா, பெரியவாப்பா?"

"அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை, மகளே."

"நான் சொன்ன பிறகும் கேட்காமல் இருந்திருந்தால்?"

சன்னோமியா நிலையம் வரும்வரை அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.