பின்னிருக்கை சற்றே உயரம்

பிள்ளைகளின் கையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்னும் வினா பெற்றோரை என்றும் விட்டகன்றதில்லை. காஞ்சியில் நமது பங்கைச் சேர்ந்த நெசவுக் குடும்பம் ஒன்று அண்மையில் அவ்வினாவோடு நம்மிடம் வந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் தாய்மாமன், எட்டாம் வகுப்பில் பயிலும் மருமகனுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். அதனுள் இருந்தது ‘ஹாக்’ எனும் போர்ப் பயிற்சி ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. துண்டு துண்டாக உள்ளதை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். “சாமி, இது படிப்பைக் கெடுக்காதா? சண்டைக்குப் போகிற சாமானைப் பிள்ளை வைத்துக் கொஞ்சலாமா?” என்றார் தாயார். ஒரு பொருளை ஆராயாது புகழ்வதும் முறையன்று, பழிப்பதும் முறையன்று. ஆகவே பெட்டியைத் திறந்து பார்த்தோம்.

பெட்டியின்மேல் 1/72 என்று அச்சிட்டிருந்தது. மெய்யான விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். இவ்வளவில் ஆறடி மனிதன் ஓரங்குல உயரமே இருப்பான். ஹாக் விமானத்தின் சிறகு முனைக்கு முனை 9.39 மீட்டர், அதனை 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். பையனிடம் அடிக்கோலைக் கொடுத்து அளக்கச் சொன்னோம். கணக்குச் சரியாகவே வந்தது. அழகு பிறகு, அளவு முதலில் என்பதை அவன் அப்போதே கற்றான்.

அடுத்தது பொருத்தம். உருகிய பிளாஸ்டிக்கை அச்சினுள் அழுத்திச் செய்த துண்டுகள், கொடியிற் காய்களைப்போல் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விமானத்தின் உடல் இடப்பாதி, வலப்பாதி என இரண்டு. அவை கூடுமிடத்தில் மேடு பள்ளம் தெரியலாகாது. தந்தையார் அவ்விரு பாதிகளையும் வாங்கி, ஒட்டாமல் வெறுமனே சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டுக் கோர்வையால் இணைகின்றன. அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். பக்கத்தில் ஓர் உதவியாளும் வேண்டும். அவ்விணைப்பைப் பார்த்தே சேலையின் தரம் கூறும் கண்கள் அவருடையவை. “முதுகுப் பக்கம் சுத்தமா இருக்கு சாமி, வயிற்றுப் பக்கம் மயிரிழை இடைவெளி” என்றார். அவர் தீர்ப்பையே நாமும் ஏற்றோம். சிறிது பட்டி பூசி, உலர்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் நீங்கும் குறைதான் அது.

வேறு இரண்டு செய்திகளும் உள்ளன. இவ்விமானம் முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் இரண்டும் கொண்டு நிற்பது. மூக்கினுள் பாரம் வைக்காவிடில் மாதிரி வாலில் குந்திவிடும். பாரமோ பெட்டியில் இல்லை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று போதும். மற்றொன்று, இது இங்கிலாந்து விமானப்படையின் ‘டி.1’ வகை. நம் நாட்டு ஹாக் 132-இன் மூக்கு இதனினும் நீளமானது. நமது மூவண்ண வட்டத்தை வரைந்து ஒட்டுவதால் மட்டும் இது இந்திய விமானம் ஆகிவிடாது. இதனை மறைக்காமல் சொன்னோம். பையனின் முகம் சற்று வாடியது.

“நான் விமானியாக வேண்டும்” என்று அவன் மெல்லச் சொன்னான். தாயாரின் அச்சத்திற்கு வேர் எதுவென்று அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அவ்வச்சம் வீணானதன்று. கிரண் போன்ற மித வேகப் பயிற்சி விமானங்களில் பழகிய இளைஞர்கள், ஒலியினும் இருமடங்கு வேகத்தில் செல்லவல்ல மிக்-21 விமானத்துக்குத் தாவவேண்டிய நிலை நம் நாட்டில் நெடுநாள் இருந்தது. இடையில் ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்க வேண்டும் என்று 1982-இல் லா ஃபோன்டேன் குழு பரிந்துரைத்தது. 1974-இலேயே முதன்முதலாகப் பறந்துவிட்ட ஹாக் விமானத்துக்கு நம் அரசு ஒப்பந்தம் செய்ததோ 2004-இல், 66 விமானங்களுக்கு. 2008-இல் அவை பீதரில் பணியேற்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் மிக்-21 விபத்துகளில் மாண்ட இளம் விமானிகள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்தாள் அன்றோ! மிக்-21 விமானமும் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றது.

இதனை எடுத்துரைத்தபின், மாதிரியின் விமானி அறையைத் தாயாருக்குக் காட்டினோம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். முன்னே மாணவன், பின்னே ஆசிரியர். பின்னிருக்கை சற்றே உயரம். மாணவனின் தலைக்கு மேலாக ஆசிரியருக்கும் பாதை தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வாறு அமைத்துள்ளனர். இருவர் கையிலும் விமானத்தை இயக்கும் கோல் உண்டு. மாணவன் தடுமாறினால் ஆசிரியர் பிடித்துக்கொள்வார், தடுமாறாதவரை பொறுத்திருப்பார். அவ்வாறு பொறுத்திருக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். நமக்கு அருகே தாம்பரத்தில், பறக்கக் கற்பிப்போர்க்கே கற்பிக்கும் பள்ளி 1954 முதல் இயங்கி வருகிறது. நாம் பார்த்த மாதிரியில் இந்த உயர வேறுபாடு பிழையின்றி அமைந்திருந்தது. அதன் சிறந்த பகுதி இதுவே என்போம்.

சிறகின்கீழ் மாட்டும் ஏவுகணைத் துண்டுகளும் பெட்டியில் உள்ளன. இவ்விமானம் ஆயுதம் தாங்கவல்லது என்னும் உண்மையைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவற்றை ஒட்டாது விடலாம் என்றோம். கற்பிக்க வந்த விமானம் கற்பிக்கட்டும். பையனும் இசைந்தான்.

ஆகவே நமது மதிப்பீடு இது: அளவில் நேர்மையானது, பொருத்தத்தில் சிறு குறை உடையது, பொறுமையைக் கேட்பது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஏற்றது. பசையின் நெடி தலைசுற்றச் செய்யும், சன்னல் திறந்திருக்கட்டும். கத்தி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருக்கட்டும். பாடம் முடிந்தபின், ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போதும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்த வானத்தை நோக்கினாலும் அதனை மூடிவிடாதீர்கள். தனியே விட்டுவிடவும் வேண்டா. பின்னிருக்கையில் அமருங்கள். கோல் உங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். தேவைப்படும்போது மட்டும் பிடியுங்கள்.