சோறு போட்ட சர்வாதிகாரி!

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் லாரிகளின் பின்பக்கத்தில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். கையை உயர்த்திச் சிரிக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில், 'எப்படி இருக்கீங்க? என் காலம்தானே நல்லா இருந்துச்சு?' என்கிற அர்த்தத்தில் ஜாவா மொழியில் ஒரு வரி. அவர்தான் சுகார்த்தோ. 30 ஆண்டுகளுக்கு மேல் நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தவர்.

அவர் அதிகாரத்துக்கு வந்த பாதை ரத்தம் தோய்ந்தது. 1965-66-ல் கம்யூனிஸ்ட்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டு, குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்டவரை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? பயத்தால் என்று சொல்லிவிடலாம். ஆனால், ஆள் இறந்த பிறகும் லாரியில் படம் வரைய வைப்பது பயம் இல்லையே!

பதில் அடுப்படியில் இருக்கிறது. 1966-ல் இந்தோனேசியாவின் விலைவாசி உயர்வு 600 சதவிகிதத்தைத் தாண்டியது. 100 ரூபாய்ப் பொருள், ஒரே வருஷத்தில் 700 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? சுகார்த்தோ அதை அடக்கிக் காட்டினார். அரிசி விலை எகிறாமல் பார்த்துக்கொள்ளவே 1967-ல் 'புலோக்' என்ற அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. வெளிநாட்டு அரிசியை எதிர்பார்த்துக் கிடந்த நாடு, 1984-ல் தன்னிறைவு கண்டது. 'வளர்ச்சியின் தந்தை' என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 5 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல்கூட உண்டு. என்ன, யார் ஜெயிப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்!

சோறு கிடைக்கும், கேள்வி கேட்கக் கூடாது. எங்கும் எழுதப்படாத ஒப்பந்தம் இது. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மார்சினா என்ற இளம்பெண், கூலி உயர்வு கேட்டுப் போராடினார். 1993-ல் கடத்திக் கொல்லப்பட்டார். அன்று ஆட்சி ஆடவில்லை.

1997-ல் ஆசியாவைத் தாக்கிய நிதி நெருக்கடிதான் ஆட்டியது. டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த ரூபியா, அடுத்த ஜனவரியில் 10,000-ஐத் தாண்டிச் சரிந்தது. அரிசி விலை ஏறியது. அதிபர் குடும்பத்தின் சொத்தைப் பற்றி அதுவரை முணுமுணுத்தவர்கள், தெருவில் நின்று கத்தினார்கள். 1998 மே மாதம் பெட்ரோல் விலையும் உயர்ந்தது. போராடிய மாணவர்கள் 4 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மே 21-ல் சுகார்த்தோ பதவி விலகினார். தராசில் ஒரு தட்டு காலியானதும், மறு தட்டில் இருந்ததெல்லாம் மக்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால், 27 ஆண்டுகளில் தராசு மறுபடி சாய்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் சுகார்த்தோவைத் தேசிய வீரராக அறிவித்தார், இன்றைய அதிபரும் அவருடைய முன்னாள் மருமகனுமான பிரபோவோ. அன்று வெளியான அதே பட்டியலில், மார்சினாவின் பெயரும் இருந்தது.